காத்திருக்கும் தட்டுகள்

உற்பத்திப் பொறியியல் பிரிவில் நான் சேர்ந்த முதல் ஆண்டில், கிரைண்டிங் பிரிவுக்கு, அதாவது சுழலும் கல்லால் அரைத்துச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் பிரிவுக்கு, புதிய இயந்திரம் ஒன்று வாங்க வேண்டும் என்ற கோரிக்கைக்குக் கணக்குப் போட்டுத் தரும்படி எனக்கு உத்தரவு வந்தது. நாங்கள் செய்யும் ஷாஃப்டுகள் (இயந்திரங்களில் சுழலும் உலோகத் தண்டுகள்) வாக்களித்த தேதியில் வாடிக்கையாளருக்குப் போய்ச் சேருவதில்லை. கிரைண்டிங்கில்தான் எல்லாம் தேங்குகிறது என்று திட்டமிடல் பிரிவிலிருந்து ஃபோர்மேன் வரை அனைவரும் ஒரே குரலில் சொன்னார்கள். முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. அதற்குப் பொருத்தமான எண்களைத் தேடித் தருவதுதான் என் பங்கு என்பது எனக்கும் தெரிந்தே இருந்தது. இருந்தாலும், படித்து முடித்த சூடு ஆறாத நேரம் என்பதால், ஒரு தட்டு ஷாஃப்ட் அறுப்பில் தொடங்கிக் கிரைண்டிங் முடிந்து வெளியே வரும்வரை எங்கே எவ்வளவு நேரம் செலவிடுகிறது என்று பார்த்துவிடலாம் என முடிவு செய்தேன்.

ஒரு தட்டில் 200 ஷாஃப்டுகள் இருக்கும். அறுத்தல், கடைசல், சாவித்தடம் வெட்டுதல், துளையிடல், கிரைண்டிங் என ஐந்து வேலைகள். ஒரு ஷாஃப்டுக்கு ஐந்தும் சேர்ந்து 14 நிமிடம். தட்டில் மஞ்சள் சீட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, இயந்திரத்தில் ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் அதில் எழுதும்படி ஆபரேட்டர்களிடம் சொல்லி வைத்தேன். ஒன்பதாம் நாள் தட்டு வெளியே வந்துவிட்டது. அவ்வளவு விரைவாக அங்கே எதுவும் வந்து நான் பார்த்ததில்லை என்பதால், ஃபோர்மேனிடம் காரணம் கேட்டேன். அவர் சற்றும் தயங்காமல், "தம்பி, சீட்டு தொங்குற தட்டை முதல்ல ஏத்திடுங்கன்னு நான்தான் சொல்லி வெச்சேன். உங்க வேலை தாமதமாகக் கூடாதில்லையா?" என்றார்.

சிகாகோவுக்கு அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1924இல் தொடங்கிய வெளிச்சச் சோதனைகளைப் பற்றி நான் பாடமாகப் படித்திருந்தேன். விளக்கொளியைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி உயர்ந்தது, கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வே அதற்குக் காரணம் என்று அந்தப் பாடம் சொன்னது. (பழைய தரவுகளைத் தேடியெடுத்து 2011இல் மறுஆய்வு செய்த ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் ஆகியோர், பாடநூல்கள் சொல்லும் அளவுக்கு அந்த விளைவு தரவில் தெளிவாக இல்லை என்று காட்டியது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.) ஹாதார்னில் நடந்தது எதுவாக இருந்தாலும், என் மஞ்சள் சீட்டுக்கு நடந்தது ஐயத்துக்கு இடமில்லாதது. எனவே சீட்டைக் கழற்றிவிட்டு, முந்தைய மாதங்களின் ஜாப் கார்டுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அறுப்புத் தேதிக்கும் கிரைண்டிங் முடிந்த தேதிக்கும் இடையே பெரும்பாலான தட்டுகளுக்கு 16 நாள் ஆகியிருந்தது.

200 ஷாஃப்டுகளுக்குத் தலா 14 நிமிடம் என்றால் 2,800 நிமிடம். மூன்று ஷிப்ட் ஓடும் இடத்தில் அது இரண்டு நாளுக்கும் குறைவு. மீதி 14 நாளும் தட்டு ஏதோ ஒரு இயந்திரத்தின் அருகே தரையில் சும்மா கிடந்திருக்கிறது. தட்டை விட்டுவிட்டு ஒற்றை ஷாஃப்டின் கண்ணோடு பார்த்தால் நிலைமை இன்னும் மோசம்: தட்டு இயந்திரத்தில் "ஏறிவிட்டது" என்று எழுதப்பட்ட நேரத்திலும், ஒன்று கடைசலில் இருக்க 199 காத்திருக்கின்றன. 16 நாளில் 14 நிமிடம் என்பது பத்தாயிரத்தில் ஆறு பங்கு.

இந்தத் துறையின் ஆராய்ச்சி நெடுங்காலம் அந்த ஆறு பங்கைத்தான் துருவிக்கொண்டிருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. அறிவியல் மேலாண்மையின் முன்னோடியான ஃபிரெடரிக் டெய்லர் கையில் ஸ்டாப்வாட்சுடன் வேலை செய்யும் மனிதனின் அருகே நின்றார். பெத்லஹேம் எஃகு ஆலையில் ஒரு தொழிலாளி நாளொன்றுக்குச் சுமக்கும் வார்ப்பிரும்பை 12.5 டன்னிலிருந்து 47.5 டன்னாக உயர்த்தியதாக அவர் சொன்ன கதை உலகப் புகழ் பெற்றது; பிற்கால ஆய்வாளர்கள் அந்த விவரிப்பில் பல ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். ஃபிராங்க் கில்பிரெத் செங்கல் அடுக்குவதில் உள்ள அசைவுகளை எண்ணிக் குறைத்தார். இவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. உலோகம் வெட்டுவது பற்றி டெய்லர் கால் நூற்றாண்டுக்கு மேல் செய்த சோதனைகளின் பயனை இன்று எந்தக் கடைசல் பட்டறையும் அறிந்தோ அறியாமலோ அனுபவிக்கிறது. ஆனால் கண் போன இடம் கையும் இயந்திரமும்தான். தரையில் கிடக்கும் தட்டின் அருகே யாரும் கடிகாரத்தோடு நின்றதில்லை. கிடக்கும் பொருள் வியர்ப்பதில்லை, சத்தம் போடுவதில்லை, ஆகவே அது கண்ணில் படுவதும் இல்லை.

அந்தத் தட்டுகளைக் கண்ணில் பட வைக்கும் மிக எளிய கருவி, ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி. ஓர் அமைப்புக்குள் சராசரியாக இருக்கும் பொருள்களின் எண்ணிக்கை, அவை நுழையும் வேகத்தையும் ஒவ்வொன்றும் உள்ளே தங்கும் சராசரி நேரத்தையும் பெருக்கினால் வருவதற்குச் சமம். இதற்கு ஸ்டாப்வாட்ச் தேவையில்லை, சீட்டும் தேவையில்லை, ஃபோர்மேனின் அன்பாலும் கெடாது. ஒரு நாள் காலை பணிமனையை ஒரு சுற்றுச் சுற்றித் தட்டுகளை எண்ணினேன்: 24. அதாவது 4,800 ஷாஃப்டுகள். நாளொன்றுக்கு வெளியே போவது சுமார் 300. வகுத்தால் 16 நாள். ஜாப் கார்டுகளோடு மூன்று நாள் மாரடித்துக் கிடைத்த விடை பத்து நிமிட நடையில் கிடைத்தது.

எண் கிடைத்ததும் காரணமும் பின்னாலேயே வந்தது. ஷாஃப்டுகள் தாமதமாகின்றன என்பதால் திட்டமிடல் பிரிவு அடுத்த ஆர்டர்களைச் சற்று முன்கூட்டியே பணிமனைக்குள் இறக்குகிறது. முன்கூட்டி இறக்கியதால் உள்ளே தட்டுகள் பெருகுகின்றன. தட்டுகள் பெருகியதால் தங்கும் நாள் நீள்கிறது. நீண்டதைப் பார்த்து இன்னும் முன்கூட்டி இறக்குகிறார்கள். இதில் யாரும் தவறு செய்யவில்லை, ஒவ்வொருவரும் தன் மேசையில் நியாயமானதைத்தான் செய்தார்கள்.

புதிய கிரைண்டிங் இயந்திரம் வாங்கினால் காத்திருப்பு குறைந்திருக்காதா? குறைந்திருக்கும், அதை மறுப்பது நேர்மையாகாது. வரிசையில் காத்திருக்கும் நேரம், இயந்திரம் எவ்வளவு இறுக்கமாக வேலை வாங்கப்படுகிறது என்பதைப் பொறுத்து நேர்கோட்டில் உயர்வதில்லை. வேலைகள் ஒழுங்கற்றுத் தற்செயலாக வந்து சேரும் எளிய மாதிரியில், இயந்திரம் 80 சதவீத நேரம் ஓடினால் சராசரிக் காத்திருப்பு ஒரு வேலைக்குரிய நேரத்தைப் போல 4 மடங்கு. 90 சதவீதத்தில் 9 மடங்கு. 95 சதவீதத்தில் 19 மடங்கு. ஜான் கிங்மன், அதே 1961இல், இதில் வேலைகளின் ஒழுங்கின்மையும் பெருக்கலாகச் சேர்கிறது என்பதைத் தோராயச் சூத்திரமாகத் தந்தார். ஆகவே இறுக்கத்தைத் தளர்த்த இயந்திரம் வாங்குவது ஒரு வழி. இருக்கும் இயந்திரத்தின் நேரத்தை எது தின்கிறது என்று பார்ப்பது மற்றொரு வழி.

1950இல் ஹிரோஷிமாவின் டோயோ கோக்யோ ஆலையில் ஜப்பானியத் தொழில் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ எதிர்கொண்டதும் இதே கேள்விதான். தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பெரிய பிரஸ்கள் போதவில்லை என்ற நிலையில், அவற்றின் டையை, அதாவது வடிவம் தரும் அச்சை, மாற்றும் வேலையை நின்று பார்க்க அனுமதி கேட்டார். பழைய டையைக் கழற்றி முடித்த தொழிலாளி திடீரென்று எங்கோ ஓடினார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆளைக் காணவில்லை. புதிய டையைப் பொருத்த வேண்டிய போல்ட் ஒன்று காணாமற்போனதால், பக்கத்து இயந்திரத்தின் நீளமான போல்ட்டை எடுத்து, அதை அறுத்து, மரை போட்டுக்கொண்டு திரும்பி வந்திருந்தார். அந்தப் பக்கத்து இயந்திரத்துக்கு முறை வரும்போது என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு அங்கே விடை இல்லை. இயந்திரம் நின்றால்தான் செய்ய முடிந்தவை, ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்து வைக்கக்கூடியவை என்று மாற்று வேலைகளை இரண்டாகப் பிரிக்கும் எண்ணம் அந்த ஆலையில் முளைத்தது. 1969இல் டொயோட்டாவின் 1,000 டன் பிரஸ் ஒன்றில் நான்கு மணி நேரம் பிடித்த டை மாற்றம், முதலில் ஒன்றரை மணி நேரமாகவும் பின்னர் மூன்று நிமிடமாகவும் சுருங்கியது.

நான் எங்கள் கிரைண்டிங் இயந்திரத்தின் முன் நின்றேன். ஒரு ரக ஷாஃப்டிலிருந்து அடுத்த ரகத்துக்கு மாற 140 நிமிடம் ஆனது. அதில் உண்மையான செட்டிங் 30 நிமிடம், அரைக்கும் கல்லின் முகத்தைச் சீராக்கும் டிரெஸ்ஸிங்குக்கு 25 நிமிடம். ஸ்பேனரையும் சென்டரையும் வரைபடத்தையும் தேடியது 35 நிமிடம். மிச்சம் 50 நிமிடம் என்னைத் திகைக்க வைத்தது: முதல் உருப்படியை அரைத்தவுடன் ஆபரேட்டர் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு பணிமனையின் மறுகோடியில் இருக்கும் தரப் பரிசோதனை அறைக்குப் போகிறார், அங்கே ஏற்கெனவே நிற்கும் மூன்று பேருக்குப் பின்னால் நின்று, கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புகிறார். ஆலையிலேயே நேரம் போதாத இயந்திரம் என்று எல்லோரும் சொன்ன இயந்திரம், ஒரு கையெழுத்துக்காக 50 நிமிடம் நின்றது.

அளவு பார்க்கும் கேஜ் ஒன்றை இயந்திரத்தின் அருகிலேயே வைத்து, முதல் உருப்படியை ஆபரேட்டரே சரிபார்த்துப் பதிவு செய்யலாம் என்று ஒப்புதல் வாங்கத்தான் அதிக நாளானது. கருவிகளை முந்தைய வேலை ஓடும்போதே ஒரு டிராலியில் எடுத்து வைப்பது ஒரே வாரத்தில் பழக்கமாகிவிட்டது. நான்கு மாதத்தில் மாற்று நேரம் 35 நிமிடத்துக்கு, அதாவது கால் பங்குக்கு வந்தது. ஃபோர்டு ஹாரிஸ் 1913இலேயே எழுதிவைத்த சூத்திரப்படி, சிக்கனமான தொகுதி அளவு மாற்றுச் செலவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது; மாற்று நேரம் கால் பங்கானால் தொகுதி பாதியாகலாம். தட்டுக்கு 200 என்பது 100 ஆயிற்று. அந்தச் சூத்திரத்தைப் பல்லாண்டுகளாகப் பயன்படுத்தியவர்கள் மாற்றுச் செலவை இயற்கை விதித்த எண்ணாகவே எடுத்துக்கொண்டார்கள் என்பதும், அந்த எண்ணையே அசைத்துப் பார்த்தவர் பணிமனையில் போல்ட் தேடும் மனிதரைக் கவனித்தவர் என்பதும் எனக்குப் பிடித்தமான செய்தி.

இதற்குப் பிறகு செய்ததுதான் கடினம். கிரைண்டிங்குக்கு முன்னால் தரையில் மஞ்சள் வண்ணத்தில் கட்டங்கள் வரைந்து, கட்டத்துக்கு ஒரு தட்டு, கட்டங்கள் நிறைந்துவிட்டால் முந்தைய இயந்திரம் நிற்க வேண்டும் என்று விதி வைத்தோம். டொயோட்டாவில் டாயிச்சி ஓனோ, அடுத்த நிலை கேட்டால் மட்டுமே முந்தைய நிலை செய்ய வேண்டும் என்று சொல்லும் கான்பான் அட்டைகளால் செய்ததன் எளிய வடிவம் இது. துளையிடும் இயந்திரம் ஒரு நாளில் இரண்டு மணி நேரம் சும்மா நின்றது; சூப்பர்வைசருக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் மாத அறிக்கையில் ஒவ்வொரு இயந்திரமும் ஓடிய சதவீதம் ஒரு வரியாக வருகிறது. தட்டுகள் தரையில் கிடந்த நாள்களுக்கு வரியே கிடையாது. பயன்பாட்டு நேரம், வேகம், தரம் மூன்றையும் பெருக்கி வரும் ஓ.இ.இ. என்ற அளவீட்டை எல்லா இயந்திரத்துக்கும் ஒரே இலக்காக வைக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. நெருக்கடியான இயந்திரத்துக்கு அது உயிர். மற்றவற்றுக்கு அதே இலக்கை வைத்தால், யாருக்கும் தேவைப்படாத தட்டுகளை விரைவாகச் செய்து குவிக்கச் சொல்கிறோம் என்று பொருள்.

தெரிந்தும் ஏன் செய்வதில்லை என்பதற்கு நான் படித்தவற்றில் மிக உறுதியான ஆய்வு, நிக்கோலஸ் ப்ளூமும் சக ஆய்வாளர்களும் மும்பைக்கு அருகிலுள்ள துணி நெசவு ஆலைகளில் நடத்தி 2013இல் வெளியிட்டது. 17 நிறுவனங்கள், குலுக்கல் முறையில் தேர்ந்த சில ஆலைகளுக்கு மட்டும் ஆலோசகர்கள் மாதக்கணக்கில் உடனிருந்து 38 நிர்வாகப் பழக்கங்களைப் புகுத்தினார்கள். நூல் இருப்பைப் பதிவு செய்வது, குறைகளை வகைவாரியாக எழுதுவது, இயந்திரத்தை முன்கூட்டியே பராமரிப்பது போன்று, கேட்டால் இதில் என்ன புதுமை என்று கேட்கத் தோன்றும் பழக்கங்கள். முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. ஆண்டுகள் பல கழித்து அதே குழு திரும்பிப் போய்ப் பார்த்தபோது, புகுத்திய பழக்கங்களில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தன. ஆலை மேலாளர்கள் மாறியதும், உரிமையாளர்களுக்கு நேரமில்லாமற்போனதும் முக்கியக் காரணங்களாகத் தெரியவந்தன.

நான் வேறு வேலைக்குப் போன நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு பணி நிமித்தமாகப் பழைய பணிமனைக்குள் நுழைய வாய்ப்புக் கிடைத்தது. இடையில் மேலாளர்கள் இருவர் மாறியிருந்தார்கள். மஞ்சள் கட்டங்கள் இருந்தன, வண்ணம்கூடப் புதிதாகப் பூசியிருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு நின்றன. கட்டத்துக்கு வெளியே ஒரு தட்டும் இல்லை. கிரைண்டிங் இயந்திரத்தின் அருகே கேஜ் அதே இடத்தில் இருந்தது, அதன்மேல் யாரோ தைத்துப் போட்ட துணி உறையுடன். அதை எடுத்துவிட்டால் மறுகோடி வரை நடக்க வேண்டியவர் ஆபரேட்டர் அல்லவா. வெளியே வரும் வழியில் பழக்க தோஷத்தில் தட்டுகளை எண்ணினேன். 31. தட்டுக்கு இப்போதும் 100, நாளுக்கு இப்போதும் சுமார் 300. பத்து நாளுக்குச் சற்று மேல்.