தேரி மணலில் ஏற 800 இன்ஜினுக்கு டர்போ வைத்தேன்

திசையன்விளைப் பக்கம் குட்டம் தேரியை (செம்மணல் மேடு) ஒட்டிச் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் பனங்காடு உண்டு. அந்தச் செம்மணலில் ஓட்டுவதற்கென்றே மூன்று வருடம் முன்பு பைப்பை வளைத்து வெல்டு வைத்து, பழைய மாருதி 800-இன் இன்ஜினைப் பின்னால் உட்காரவைத்து ஒரு பக்கி (திறந்த மணல் வண்டி) கட்டினேன். ரோட்டுக்கு வராத வண்டி. பாளையங்கோட்டையிலிருந்து குட்டியானையில் ஏற்றித்தான் கொண்டுபோவேன். தட்டையான இடத்தில் நன்றாகவே ஓடும். ஆனால் ஆடிக்காற்று புதிதாகக் குவித்த மேட்டில் இரண்டாவது கியரில் ஏறினால் பாதியிலேயே இழுவை செத்துவிடும், முதல் கியருக்கு மாற்றுவதற்குள் சக்கரம் அச்சு வரை புதைந்துவிடும்.

796 சிசி, மூன்று சிலிண்டர், 68.5 மில்லி போர், 72 மில்லி ஸ்ட்ரோக், கார்புரேட்டர். கம்பெனியிலிருந்து வந்த புதிதிலேயே 40 குதிரைசக்தியைத் தொடாத இன்ஜின். பெரிய இன்ஜினாகப் போடச் சொன்னார்கள். எடை கூடினால் மணலில் இன்னும் புதையும், அதோடு இந்தச் சின்ன இன்ஜினை விட எனக்கு மனசில்லை. சரி, டர்போ, அதாவது வெளியேறும் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் சக்கரம், வைத்துப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

பழைய சாமான் கடையில் ஸ்விஃப்ட் டீசலின் கேபி35 டர்போ கிடைத்தது. 1.3 லிட்டர் டீசலுக்கு அளவெடுத்தது, 800 பெட்ரோலுக்கும் பொருந்தும். இரண்டு விஷயத்தில்தான் கவனம் வேண்டும். ஒன்று, பெட்ரோல் புகை டீசல் புகையைவிடச் சூடு அதிகம், அதனால் நீண்ட நேரம் முழு மிதி மிதிக்கக் கூடாது. இன்னொன்று, டீசலுக்கு வைத்த ஆக்சுவேட்டர், அதாவது காற்றழுத்தம் குறித்த அளவை எட்டியதும் புகையைத் திருப்பிவிடும் கதவைக் கம்பியால் திறக்கும் பாகம். கைப்பம்பால் காற்றடித்துப் பார்த்தால் ஒரு பார் தாண்டியும் அசையவில்லை. எனக்கு வேண்டிய அழுத்தமோ 5 பிஎஸ்ஐ, அதாவது 0.35 பார். மெல்லிய ஸ்பிரிங் மாற்றி, கம்பியின் நீளத்தைத் திருகித் திருகி அந்த அளவுக்குக் கொண்டுவர இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

இன்ஜின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டுக்கு ஒன்றேகால் இஞ்ச் சி கிளாஸ் கறுப்புப் பைப்பும் பெண்டும் வாங்கி, பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் 10 மில்லி பிளேட்டில் ஃபிளேஞ்ச் போட்டோம். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் வேண்டாம், வெல்டு வைக்கும்போது வரும் துத்தநாகப் புகை உடம்புக்கு ஆகாது.

முதல் தடவை ஸ்டார்ட் செய்த ஐந்தாவது நிமிடத்தில் சைலன்ஸரில் நீலப் புகை கொட்டியது, தெருவே மறைந்தது. டர்போ சீல் போய்விட்டது என்றே நினைத்து இன்னொன்று வாங்கக் கிளம்பினேன். பட்டறை அண்ணாச்சிதான் குனிந்து கீழே பார்த்துவிட்டுச் சொன்னார்: "எய்யா, எண்ணெய் தானா இறங்கணும்லா. நீ அதக் குழியில எறக்கி மேட்டுல ஏறச் சொல்லுதியே." நான் டர்போவைத் தாழ வைத்திருந்தேன், திரும்பும் ஓஸ் ஒரு தொங்கல் விழுந்து அப்புறம் மேலேறி, இன்ஜின் அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்புக்குப் போனது. ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் மூன்றுவழி டீ இணைப்பு போட்டு எடுத்த எண்ணெய் அழுத்தத்தோடு டர்போவுக்குள் போகிறது, ஆனால் பேரிங்கைத் தாண்டி வெளியே வரும்போது அழுத்தமே கிடையாது, நுரையாகத் தன் எடையில்தான் விழ வேண்டும். வழி அடைபட்டால் உள்ளேயே தேங்கி, புகை சுழற்றும் டர்பைன் பக்கம் கசிந்து எரியும். சீலில் ஒரு குறையும் இல்லை. மேனிஃபோல்டை அறுத்து டர்போவை நான்கு இஞ்ச் உயர்த்தி, 19 மில்லி பைப்பை ஒரே சரிவாக, சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே இறங்கும்படி வைத்தோம். புகை அன்றோடு நின்றது. அந்த அண்ணாச்சிக்கு நான் பட்ட கடன் பெரிது.

அடுத்தது பெட்ரோல். டர்போ காற்று கார்புரேட்டர் வழியாக உள்ளே போவதால் அதன் மேல் ஓர் அலுமினியத் தொப்பி செய்து மூடினேன். இன்ஜினின் கேம்ஷாஃப்டில் ஓடும் பழைய பெட்ரோல் பம்ப் கொடுப்பது 3, 4 பிஎஸ்ஐதான். கார்புரேட்டருக்குள் 5 பிஎஸ்ஐ காற்று நிற்கும்போது அந்தப் பம்ப் எப்படிப் பெட்ரோலைத் தள்ளும்? சரியாக இழுவை வேண்டிய நேரத்தில் பெட்ரோல் குறையும், பெட்ரோல் குறைந்தால் சூடேறி நாக்கிங் (பெட்ரோல் தானாகவே வெடிப்பது) வரும், நாக்கிங் நீடித்தால் பிஸ்டன் ஓட்டையாகும். ஆகவே எலக்ட்ரிக் பம்ப், கூடவே பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஓஸ் இணைத்து, பெட்ரோல் அழுத்தத்தை அதற்கேற்ப ஏற்றும் ரெகுலேட்டர். பூஸ்ட் இல்லாதபோது 3, பூஸ்ட் 5 ஆனால் 8. கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் மிதவை அறைக்கும் அதே பூஸ்ட் காற்று போக வேண்டும், அதை மறந்தால் மற்றதெல்லாம் வீண். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டையும் ஒரு அளவு பெரிதாக்கி, பழைய ரப்பர் ஓஸ்களையெல்லாம் மாற்றினேன். தீயணைப்பான் ஒன்று சீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

நாக்கிங் வராமலிருக்க, தீப்பொறி விழும் டைமிங்கை 5 டிகிரி பின்னால் தள்ளினேன். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இப்போதைக்கு இல்லை.

போன வாரம் தேரிக்குக் கொண்டுபோனேன். இரண்டாவது கியர், அதே மேடு. 2500 சுற்றைத் தாண்டியதும் பூஸ்ட் மீட்டர் முள் மெல்ல எழுந்து 5-இல் நின்றது, இன்ஜின் சத்தமே கனத்தது, பனை உயரத்துக்கு மேலே போய் நின்றுதான் காலை எடுத்தேன். சித்தப்பா கீழே நின்று துண்டை வீசினார். உடனே அணைக்காமல் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டேன், இல்லையென்றால் பேரிங்கில் எண்ணெய் கருகிவிடும்.

வீட்டுக்கு வந்து ஏர் ஃபில்டரைக் கழற்றி, டர்போவில் காற்றை உறிஞ்சும் கம்ப்ரஸர் வாய்க்குப் போகும் பைப்பை உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்தேன். லேசாகச் சிவப்பு ஒட்டியது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் சக்கரத்துக்கு முன்னால் இந்த மணல் வரவே கூடாது. கிளாம்ப் பக்கம்தான் சந்தேகம். புது ஓஸும் டி போல்ட் கிளாம்ப்பும் வாங்கி வைத்திருக்கிறேன், துணி வெள்ளையாக வரும்வரை வண்டி தேரிக்குப் போகாது.