மூன்று பேர், ஒரு பாய்மரப் படகு

பிப்ரவரி 6, இரவு

நாளை வடக்கே முனை வரை 12 கடல் மைல் போய், அதே வழியில் திரும்புகிறோம். சுக்கானில் அக்கா, பெரிய பாயில் தம்பி, முன்பாய்க் கயிறுகளில் நான். வரைபடத்தை விரித்து வைத்துப் பேசியதில் ஒன்றை உறுதி செய்துகொண்டோம்: ஆழம் 10 மீட்டருக்குக் குறைந்தால் எந்த யோசனையும் இல்லாமல் படகைக் கடல்பக்கம் திருப்பிவிட வேண்டும். கரை கிழக்கைப் பார்த்தது. பிற்பகல் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். அப்போது ஏதாவது பழுதானால் படகைக் கரைமேல்தான் தள்ளும்.

பிப்ரவரி 7

காலை 6.30. தரைக்காற்று மேற்கிலிருந்து 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்). இடப்பக்கம் நேராகப் பட்டதால் படகு சிரமமில்லாமல் ஓடியது.

10.15. முனைக்கு அருகே காற்று அடங்கிவிட்டது. தரை சூடேறி, தரைக்காற்று ஓய்ந்து, கடற்காற்று இன்னும் கிளம்பாத வேளை. அலையில் பெரிய பாயின் அடிக்கட்டை (பாயின் கீழ்விளிம்பைத் தாங்கும் நீண்ட கட்டை) இங்கும் அங்கும் ஆட, தம்பி அதைக் கயிறு போட்டுக் கட்டினான். தலையில் பட்டால் ஆளையே சாய்த்துவிடும்.

1.00. திரும்பும் வழி. கிழக்கிலிருந்து கடற்காற்று, முதலில் 10 நாட். தூரத்தில் தண்ணீர் கறுத்து வருவதை, அதாவது பலத்த காற்று வரும் அடையாளத்தை, பார்த்ததுமே அக்கா, "பாயைக் குறைச்சிடலாம்" என்றார். "இப்பவேவா அக்கா?" என்றான் தம்பி. இப்போதேதான். பாயில் விழும் விசை காற்று வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 10 நாட் 14 ஆனால் விசை ஏறக்குறைய இரண்டு மடங்கு. பலத்த காற்று வந்தபின் குறைப்பதற்குக் கூடுதல் கைகள் வேண்டும், எங்களிடம் இருப்பதோ மூன்று பேர். தம்பி அடிக்கயிற்றைத் தளர்த்தினான், நான் பாயைக் குறி வரை இறக்கிக் கொக்கியில் மாட்டினேன், மறுபடி இழுத்துக் கட்டினோம். அரைமணியில் 15 நாட் அடித்தது. படகு அளவாகவே சாய்ந்தது, வேகம் 5 நாட்டுக்குக் குறையவில்லை, சுக்கானை ஒரு கையால் பிடிக்க முடிந்தது.

2.45. காற்று தென்கிழக்குக்கும் தெற்கே நகர்ந்துவிட்டது. காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 45 பாகைக்குள் எங்கள் படகு ஏறாது. இனி வளைந்து வளைந்துதான் போக வேண்டும். கரைப்பக்கம் ஒரு ஓட்டம், கடல்பக்கம் ஒரு ஓட்டம்.

"திரும்பத் தயாரா?"
"தயார்."
"தயார் அக்கா."
"திரும்புறேன்!"

இரண்டு பதிலும் வராமல் அவர் சுக்கானைத் தொடமாட்டார். அதனாலேயே அவரோடு போக எனக்குப் பிடிக்கும். அணியம் (படகின் முன்முனை) காற்றைக் கடக்கும் நொடியில் பழைய கயிற்றை விட்டு, பாயில் காற்று நிறையும் முன்பே மறுபக்கக் கயிற்றை வாரிவிட வேண்டும். அந்த இரண்டு மூன்று நொடி தவறினால் கயிற்றை இறுக்கும் உருளையான வின்ச்சோடு மல்லுக்கட்டத்தான் வேண்டும்.

ஒரு முறை கரையை நோக்கிய ஓட்டத்தில் வலப்பக்கக் காற்றில் வேறொரு பாய்மரப் படகு எதிர்ப்பட்டது. எங்களுக்குக் காற்று இடப்பக்கம். கடலில் மோதலைத் தவிர்க்கும் 1972 சர்வதேச விதிப்படி விலக வேண்டியவர்கள் நாங்கள். அக்கா வெகு முன்னதாகவே, அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும்படி, அதன் பின்பக்கமாகத் திருப்பினார்.

ஆழம் 11 மீட்டர் காட்டியபோது தம்பியே குரல் கொடுத்தான். திருப்பினோம்.

5.20. கரை.

பிப்ரவரி 8

முன்பாய்க் கயிறு ஓரிடத்தில் உராய்ந்து நூல் பிரிந்திருக்கிறது. உள்ளே திரி இன்னும் உறுதி. முனைகளை மாற்றிக் கட்டிவிட்டேன். இனி உராய்வு வேறு இடத்தில் விழும். அடுத்த ஓட்டத்தில் தம்பிக்குச் சுக்கான் என்று அக்கா சொல்லிவிட்டார். பெரிய பாய் எனக்கு.