17 மரபணுக்களும் ஒரு நடுக்கோடும்

ரத்தப் புற்றுநோயில் "மரபணு முத்திரை" பற்றிய ஆய்வுகள் பாதிக்கு மேல் எனக்குச் சலிப்புதான். ஆயிரக்கணக்கான மரபணுக்கள் செல்லில் எவ்வளவு வேலை செய்கின்றன என்று அளப்பார்கள், யார் பிழைத்தார் யார் இறந்தார் என்பதோடு ஒத்துப்போகிற ஐம்பதைப் பொறுக்குவார்கள், அடுத்த குழு வேறு நோயாளிகளை வைத்து வேறு ஐம்பதைப் பொறுக்கும், இரண்டிலும் வருகிற பெயர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

2016-ல் டொரண்டோவில் ஜான் டிக் குழு வெளியிட்ட எல்எஸ்சி17 என்ற 17 மரபணு முத்திரை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் எலிகள். ஏஎம்எல் என்ற வேகமாகப் பரவும் ரத்தப் புற்றுநோய் கண்ட 78 பேரின் செல்களை 227 பிரிவுகளாகப் பிரித்து, நோயெதிர்ப்புச் சக்தி குன்றிய எலிகளுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். 138 பிரிவுகள் எலிக்குள் மறுபடி லுக்கேமியாவாக வளர்ந்தன, 89 வளரவில்லை. இந்த இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் காட்டிய மரபணுக்கள் 104. அதற்குப் பிறகுதான் நோயாளிகளின் ஆயுள் கணக்கைக் கொண்டுவந்து 17 ஆகக் குறைத்தார்கள். அதாவது முதல் சல்லடை செல் என்ன செய்தது என்பது. கீமோவுக்குத் தப்பி நோயைத் திரும்பக் கொண்டுவருவதாகச் சந்தேகிக்கப்படும் ஸ்டெம் செல்களின் குணம் அது.

கணக்கு ரொம்ப எளிது. ஒவ்வொரு மரபணுவின் அளவையும் அதற்கான எடையால் பெருக்கிக் கூட்ட வேண்டும்: டிஎன்எம்டி3பி-க்கு 0.0874, இசட்பிடிபி46-க்கு கழித்தல் 0.0347, இப்படிப் பதினேழு. போன் கால்குலேட்டர் போதும்.

சரி, விடை வந்தது, அது அதிகமா குறைவா? இங்கேதான் இடிக்கும். ஆய்வில் கோடு போட்டது கூட்டத்தின் நடு மதிப்பில், ஆனால் கட்டிலில் படுத்திருக்கும் ஒருவருக்கு ஏது நடு மதிப்பு? பொதுவில் கிடைக்கும் தரவில் நானே ஒருமுறை போட்டுப் பார்த்தேன். மாதிரிகளைச் சமப்படுத்தும் முறையை மாற்றியதும் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சிலர் கட்சி மாறிவிட்டார்கள். ஒரே கருவி, ஒரே அளவுகோல், முன்பே நிர்ணயித்த கோடு என்று கட்டிப்போட்டால்தான் இது ஆஸ்பத்திரிக்கு ஆகும்.

அப்புறம் இன்னொன்று. மதிப்பெண் அதிகம் என்றால் வழக்கமான கீமோ சரியாகக் கேட்காது என்று தெரிகிறது, ஸ்டெம் செல் மாற்று பற்றி முன்கூட்டியே பேசலாம், ஆனால் எந்த மருந்து கேட்கும் என்று அந்த எண் சொல்வதில்லை. ஏஎல்எல் என்ற இன்னொரு ரத்தப் புற்றுநோயில் 2009-ல் இனங்கண்ட "பிலடெல்பியா போன்ற" வகையைப் பாருங்கள். பிலடெல்பியா குரோமோசோமில் உருவாகும் பிசிஆர்-ஏபிஎல்1 என்ற ஒட்டு மரபணு இல்லாமலே அது இருப்பதுபோல மரபணுக்கள் நடந்துகொள்கின்றன, ஏன் என்று தோண்டியபோது பலரிடம் ஏபிஎல், ஜேஏகே2 மாதிரி மரபணுக்களில் மருந்தால் அடக்கக்கூடிய கோளாறுகளே கிடைத்தன. எல்எஸ்சி17-ஐ எனக்கு எவ்வளவு பிடித்தாலும், அந்த ஆய்வின்மேல் ஒரு பொறாமை உண்டு.