பூட்டி வைத்ததுதான் கெட்டது

2014 ஒக்டோபர், தீபாவளி முடிந்து இரண்டாம் நாள். வெள்ளவத்தையில் அந்த மாதம் பின்னேரமானால் இடியும் மழையும்தான். காலையில் கணினிக்கு முன்னால் இருந்தபோது, இரவு ஓடவேண்டிய பேக்கப் பாதியில் நின்றிருந்தது. லினக்ஸின் மையநிரலான கேர்னல் எழுதும் பதிவில் ஒரே வரி திரும்பத் திரும்ப: 'பேரன்ட் டிரான்ஸ்ஐடி வெரிஃபை ஃபெயில்ட்', அதாவது எழுதியபோது குறித்த வரிசை எண் பொருந்தவில்லை. முந்தைய நாள் ஸ்னாப்ஷாட்டுக்குள், அதாவது அன்று டிஸ்க் இருந்தபடியே எடுத்து வைத்த பிரதிக்குள், போய்ப் பட்டியல் கேட்டேன். கோப்புகளின் பெயர்கள் வந்தன. அளவு, திகதி, உரிமை வரவேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறிகள்.

அந்த டிஸ்க்கில் அப்பாவின் குரல் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அவர் வீட்டில் பாடிய தேவாரம், 14 கசெட். இரண்டு மாதம் இருந்து 27 கோப்புகளாக மாற்றியிருந்தேன். இரண்டு கசெட்டுகளில் நாடா ஏற்கெனவே அறுந்துவிட்டது. மறுபடி எடுக்க வழியில்லை.

முதலில் இடியைத்தான் சந்தேகப்பட்டேன். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய்ப் டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் சாட்டா கேபிள் புதிதாக வாங்கி வந்து மாற்றினேன். டிஸ்க்கைச் சோதித்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. அப்புறம்தான் நினைவு வந்தது: பத்து நாளைக்கு முன் கேர்னலை 3.17க்கு ஏற்றியிருந்தேன். அது வெளியானதே ஒக்டோபர் 5ஆம் திகதிதான்.

தேடிப் பார்த்தால் என்னைப் போலப் பலர். என் டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைப்பது பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை. அதில் வாசிக்க மட்டும் என்று எடுக்கும் ஸ்னாப்ஷாட்டுகளைத்தான் 3.17இல் இருந்த கோளாறு பிடித்தது. ஸ்னாப்ஷாட்டின் வேர் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு பழைய இடத்தையே காட்டிக்கொண்டு நின்றுவிடும். அந்த இடத்தில் வேறு தகவல் எழுதப்பட்டதும் எண் பொருந்தாது, வாசிக்க முடியாது. நாம் அன்றாடம் எழுதிக் கலைக்கிற கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. கைபடக்கூடாது என்று பூட்டி வைத்ததுதான் கெடும். பேக்கப்பை வேறு டிஸ்க்குக்கு அனுப்ப வாசிக்க மட்டுமான ஸ்னாப்ஷாட் கட்டாயம் வேண்டும் என்பதால், கவனமாக இருந்தவர்களைத்தான் இது பிடித்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நான் ஏழு நாள் ஸ்னாப்ஷாட்டுகளைத்தான் வைத்திருப்பேன். பழையதை இரவில் ஓடும் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல் தானாக அழித்துவிடும். பத்து நாளில் பழைய கேர்னலில் எடுத்தவை எல்லாம் அழிந்துவிட்டன. மிஞ்சிய ஏழில் ஐந்து திறக்கவில்லை.

பழுதுபார்க்கும் கட்டளையை ஓட்டக் கை துறுதுறுத்தது. ஓட்டவில்லை. மூலக் கோப்புகள் நல்லபடி இருக்கும்போது அந்த டிஸ்க்கில் ஒரு எழுத்துக்கூட எழுதக்கூடாது என்று இன்றும் நினைக்கிறேன். பூட் மெனுவில் 3.16 இன்னும் இருந்தது. அதில் ஏறி, இரவு ஸ்கிரிப்டை நிறுத்தி, டிஸ்க்கை வாசிக்க மட்டும் முடிகிறபடி இணைத்து, எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுத்தேன்.

அம்மா தேத்தண்ணியோடு வந்து பின்னால் நின்றா. "என்னடா தம்பி, அப்பான்ரை குரல் போயிட்டுதோ?"

"இல்லையம்மா, பாத்துச் சொல்லுறன்."

கசெட்டிலிருந்து மாற்றிய நாளிலேயே ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம், அதாவது உள்ளடக்கம் மாறினால் காட்டிக்கொடுக்கும் எண், எடுத்து ஒரு பட்டியல் வைத்திருந்தேன். நகலை அதோடு ஒப்பிட விட்டேன். கோப்பின் பெயர், பக்கத்தில் 'ஓகே'. அடுத்த பெயர், 'ஓகே'. அம்மா விரல்விட்டு எண்ணினா. 27.

"இண்டைக்கு வெள்ளியெல்லே, ஒண்டு போடு" என்றா. போட்டேன். நடுவில் கரையோர ரயில் போகிற சத்தம் வரும், அப்பா அதற்காக நிறுத்தமாட்டார், குரலைக் கொஞ்சம் கூட்டிப் பாடுவார்.

அந்த மாதக் கடைசியில் கோளாறு நீக்கிய 3.17.2 வந்தது. நான் இன்னும் இரண்டு கிழமை பொறுத்து, பழைய டிஸ்க்கை முழுதாக ஃபோர்மட் செய்து, கோப்புகளைத் திருப்பிப் போட்டு முதல் ஸ்னாப்ஷாட்டை எடுத்தேன். இப்போது ஸ்கிரிப்ட் ஒவ்வொரு இரவும் ஸ்னாப்ஷாட்டுக்குள் போய் அதே பட்டியலை ஒப்பிடுகிறது. 27 வரியும் ஓகே வராவிட்டால் பழைய ஸ்னாப்ஷாட் எதையும் அழிக்காது.