18 அங்குலப் பெட்டிக்குள் ஒரு ரோபோ

மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டு மாடியில் வைத்துத்தான், பள்ளி மாணவர்களுக்கான ரோபோ போட்டியான ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்சுக்கு எங்கள் ரோபோவைச் செய்தோம். விதிப் புத்தகத்தில் எதற்கு எத்தனை புள்ளி என்ற பகுதியை மட்டும் ஆசையாகப் படித்துவிட்டு அலுமினியத்தை வெட்ட ஆரம்பித்தோம். ரோபோ எப்படி இருக்க வேண்டும் என்ற பகுதியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டதுதான் தப்பு.

முதலில் மோட்டார் உதைத்தது. 8-க்கு மேல் கூடாது, எங்களிடம் 9. ரோபோவில் கதவைத் திறக்கும் மோட்டாரைக் கழற்றி, சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சர்வோ என்ற சின்னக் கருவியை வைத்தோம். அது மோட்டார் கணக்கில் வராது, சரியாயிற்று. சக்கரப் பிடிமானத்துக்கு வீட்டில் கிடந்த ரப்பர் ஷீட்டைச் சுற்றலாம் என்றான் ஒருவன். எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? ஆனால் களத்தின் ஃபோம் தரையில் பிசுக்கு ஒட்டினால் விதிமீறல். வேண்டாம் என்று விட்டோம்.

பெரிய பாடு அளவில்தான். ஆட்டம் தொடங்கும்போது நீளம், அகலம், உயரம் மூன்றும் 18 அங்குலத்துக்குள், அதாவது 45.72 சென்டிமீட்டருக்குள், அடங்க வேண்டும். நாங்கள் ரோபோவின் அலுமினியச் சட்டத்தையே 45.5 சென்டிமீட்டருக்கு வெட்டியிருந்தோம். டேப் பிடித்தால் ஆளுக்கொரு அளவு வந்தது. கடைசியில் பக்கத்துத் தெரு ஆசாரி மாமாவிடம் பிளைவுட் பெட்டி ஒன்று கேட்டோம்.

"உள்ளளவா வெளியளவா, மக்களே?" என்றார்.

பலகை 12 மில்லிமீட்டர். வெளியளவு என்றால் உள்ளே 24 மில்லிமீட்டர் போய்விடும். உள்ளளவு என்றோம். ஆணி அடித்த பிறகு மூலைக்கு மூலை கயிறு பிடித்தார். இரண்டு பக்கமும் 25 அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, ஒன்றுபோல் வந்த பிறகுதான் பெட்டியைத் தந்தார்.

ரோபோவின் மேல் கவிழ்த்தோம். பாதியில் நின்றது. இடப்பக்கம் ஒரு போல்ட் தலை, பின்னால் கேபிள் டையின் வால். அதைவிட மோசம், மின்சாரத்தை நிறுத்தியதும் ரோபோவின் கை தொய்ந்து பலகையில் இடித்தது. நாம் அதைத் தாங்கிப் பிடிக்க விதி விடாது. ரோபோ தானாகவே அளவுக்குள் நிற்க வேண்டும். மடித்த கையைத் தாங்க ஒரு கொக்கி வைத்தோம். மோட்டார் தூக்கும்போது அது தானே விலகும். சட்டத்தையும் 43.5 சென்டிமீட்டருக்குக் குறைத்தோம். அதற்கு மட்டும் நான்கு நாள். புதிதாகச் செய்பவர்கள் முதல் துண்டை வெட்டும் முன்பே இந்தப் பெட்டியைச் செய்துவிடுங்கள்.

போட்டியன்று பரிசோதகர் தன் பெட்டியைக் கவிழ்த்தார். எங்கும் உரசாமல் தரை வரை இறங்கியது. கொக்கியைத் தொட்டுப் பார்த்தார், பேட்டரி ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தார், ஸ்டிக்கரை எடுத்து ஒட்டினார்.