என்கிளெக்ஸ் தேர்வில் பணி ஒப்படைப்புக் கேள்விகள்: நான் தவறிய இடமும் திருத்திக்கொண்ட விதமும்

அமெரிக்காவில் பதிவு பெற்ற செவிலியராவதற்கான என்கிளெக்ஸ் தேர்வில் முதல் முறை நான் தோல்வியடைந்தேன். அதன்பின் வந்த செயல்திறன் அறிக்கையில், மருந்தியலை விட மோசமாக, ‘பராமரிப்பு மேலாண்மை’ என்ற பகுதிக்கு எதிரே தேர்ச்சி அளவுக்குக் கீழே என்று குறிப்பிட்டிருந்தார்கள். 2023ஆம் ஆண்டுத் தேர்வுத் திட்டத்தின்படி, கேள்விகளில் 15 முதல் 21 சதவீதம் வரை இந்தப் பகுதியிலிருந்து வருகின்றன. வேலையைப் பிறரிடம் ஒப்படைப்பதும், ஒப்படைத்ததை மேற்பார்வையிடுவதும் இதற்குள்தான் அடங்கும். ஏழு ஆண்டுகள் வார்டில் வேலை பார்த்தவளுக்கு இதில் படிக்க என்ன இருக்கிறது என்று நான் அலட்சியமாக விட்டிருந்த பகுதியும் இதுதான்.

அந்த அனுபவமே எனக்கு எதிராக வேலை செய்தது. வார்டில் ஆள் போதாத நேரத்தில், யார் கை ஓய்வாக இருக்கிறதோ அவரிடம் வேலையைக் கொடுத்துப் பழகியிருந்தேன். தேர்விலும் ‘இந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர் யார்?’ என்றே தேடினேன். ஆனால் கேள்வி கேட்பவர்கள் தேடுவது வேறு: இந்த நோயாளியிடம் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா, முடியாதா? முடியும் என்றால் வேலையைக் கொடுக்கலாம். முடியாது என்றால், வேலை எவ்வளவு எளிதானதாக இருந்தாலும் அது செவிலியரிடமே இருக்க வேண்டும்.

இரத்த அழுத்தம் பார்ப்பதையே எடுத்துக்கொள்வோம். நாளை வீடு திரும்பவிருக்கும் நோயாளிக்கு உதவியாளர் பார்க்கலாம். இரத்தம் ஏற்றத் தொடங்கிய முதல் 15 நிமிடங்களில், கடுமையான எதிர்வினை பெரும்பாலும் அப்போதே தலைகாட்டும் என்பதால், செவிலியர் அருகிலேயே இருந்து கவனிக்க வேண்டும். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் திறன் இன்னும் சோதிக்கப்படவில்லை என்றால், உணவூட்டும் வேலையை உதவியாளருக்குத் தரும் விடையை அடித்துவிடலாம். அறுவை சிகிச்சைக்குப் பின் முதன்முறையாக எழுந்து நடக்கப்போகிறவருக்கும் இதே கணக்குதான். ‘முதன்முறை’, ‘புதிதாக’, ‘திடீரென’ போன்ற சொற்களைக் கண்டால் அடிக்கோடிட்டுப் படிக்கும் பழக்கம் எனக்கு இதிலிருந்துதான் வந்தது. (உண்மைத் தேர்வுக் கேள்விகளை வெளியிடுவதில்லை என்று உறுதியளித்துத்தான் எல்லோரும் எழுதுகிறோம், இங்குள்ளவை நான் பயிற்சிக்காக எழுதிக்கொண்டவை.)

எல்.பி.என். எனப்படும் உரிமம் பெற்ற நடைமுறைச் செவிலியரைப் பற்றிய கேள்விகளில் நான் அதிகம் தடுமாறினேன். நிலையான நோயாளிக்கு வாய்வழி மருந்து தருவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, ஏற்கெனவே சொல்லிக்கொடுத்ததை மீண்டும் நினைவூட்டுவது ஆகியவற்றை அவரிடம் கொடுக்கலாம். முதல் மதிப்பீடும், முதல் கற்பித்தலும், சிகிச்சை பலன் தந்ததா என்று முடிவு செய்வதும் பதிவு பெற்ற செவிலியருடையவை.

அமெரிக்க செவிலியர் சங்கமும் மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசிய மன்றமும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில் ஐந்து ‘சரி’கள் உள்ளன: சரியான பணி, சரியான சூழல், சரியான நபர், சரியான அறிவுறுத்தல், சரியான மேற்பார்வை. முதல் மூன்றை எல்லோரும் மனப்பாடம் செய்கிறோம். நான்காவது எவ்வளவு முக்கியம் என்று என் சொந்தத் தவறு ஒன்றுதான் எனக்குப் புரியவைத்தது. ஓர் இரவுப் பணியில், நீரிழிவு நோயாளி ஒருவருக்குச் சர்க்கரை அளவைப் பார்க்கும்படி உதவியாளரிடம் சொன்னேன். அவரும் பார்த்தார், 54 என்று பதிவேட்டில் ஒழுங்காக எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்து நான் அந்தத் தாளைத் திருப்பியபோது, நோயாளி வியர்த்துக் குழம்பிக் கிடந்தார். நல்லவேளையாக உடனே மீண்டுவிட்டார். உதவியாளரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை, ஏனெனில் ‘70க்குக் கீழே இருந்தால் எழுதுவதற்கு முன் என்னிடம் வந்து சொல்லுங்கள்’ என்று நான் சொல்லவே இல்லை. எந்த வேலை, எத்தனை மணிக்குள், எந்த எண்ணைத் தாண்டினால் யாரிடம் சொல்ல வேண்டும் ஆகிய எல்லாம் இருக்கும் விடையே பெரும்பாலும் சரியான விடை. ‘மாற்றம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்’ என்ற விடை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எது மாற்றம் என்று தீர்மானிக்கும் பொறுப்பை அது உதவியாளரின் தலையில் வைத்துவிடுகிறது.

மேற்பார்வைக் கேள்விகளில் வரிசை முக்கியம். டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக அறுவை சிகிச்சையில் இணைத்த, அழுத்தம் படக் கூடாத இரத்தக் குழாய்) உள்ள கையிலேயே உதவியாளர் இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றுவதைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலதிகாரியிடம் புகார் செய்வது, பயிற்சி வகுப்புக்குப் பரிந்துரைப்பது என்றெல்லாம் விடைகள் இருக்கும். முதலில் அதை அங்கேயே நிறுத்த வேண்டும். பிறகு நோயாளியின் காதில் விழாத இடத்தில் காரணத்தை விளக்க வேண்டும். ‘இதை நான் செய்ததில்லை’ என்று ஒருவர் சொன்னால், அவரை வற்புறுத்தும் விடையும் தவறு, வேலைக்கு மறுத்ததாக எழுதிவைக்கும் விடையும் தவறு. அந்த வேலையை வேறு தகுதியானவரிடம் கொடுக்க வேண்டும், அல்லது நாமே செய்ய வேண்டும்.

இரண்டாம் முறை தயாரானபோது கேள்விகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு 30 கேள்விகள் மட்டும் போட்டேன். தவறிய ஒவ்வொன்றுக்கும் ‘நான் எதை நம்பி இதைத் தேர்ந்தெடுத்தேன்?’ என்று ஒரு வரி எழுதினேன். இரண்டு வாரத்தில் அந்த நோட்டில் ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்திருந்தது: ‘எங்கள் வார்டில் இப்படித்தான் செய்வோம்.’

தேர்வு அமெரிக்கா முழுவதற்கும் பொதுவானது என்பதால், பொதுவான எல்லைகளை வைத்தே விடையளிக்க வேண்டும். வேலையில் சேர்ந்தபின் நிலைமை மாறும்: எல்.பி.என். சிரைவழி மருந்து தரலாமா என்பது போன்றவற்றை அந்தந்த மாநிலச் சட்டமும் மருத்துவமனையின் கொள்கையும் தீர்மானிக்கின்றன. ஆகவே சேர்ந்த முதல் வாரத்திலேயே உதவியாளர்களின் பணி விவரத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.