எரிமலை ப்ராஜெக்டும் மூன்று தலைமுறையும்

"எரிமலை ஏன் வெடிக்கிறது?" என்று ஏழாம் வகுப்பில் ஒரு ப்ராஜெக்ட் கொடுக்கிறார்கள். தாத்தா பாட்டி காலத்துப் பிள்ளைக்கு இதில் தகவலைத் தேடிப் பிடிப்பதுதான் பெரிய வேலை. இன்றைய பிள்ளைக்குத் தேட ஐந்து நொடி போதும். கிடைத்ததை நம்பலாமா என்று பார்ப்பதுதான் வேலையே. பெரும்பாலும் அந்த வேலையைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

அன்று நூலகத்தில் புத்தக விவர அட்டைகள் இருக்கும் இழுப்பறையைத் திறக்க வேண்டும். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் 500 வரிசை அறிவியல், 551 நிலவியல், எரிமலைக்கு 551.21. எண்ணைக் குறித்துக்கொண்டு அலமாரிக்குப் போக வேண்டும். கலைக்களஞ்சியத்தில் நேரடித் தலைப்பு இல்லையென்றால் சுட்டியை (இன்டெக்ஸ்) புரட்ட வேண்டும். கையால்தான் எழுத வேண்டும் என்பதால், கை வலிக்கு அஞ்சியே பிள்ளைகள் படித்ததைச் சுருக்கி எழுதினார்கள். புரியாமல் சுருக்க முடியாது அல்லவா? குறை என்னவென்றால், அச்சில் ஏறியது மாறாது. 2006இல் புளூட்டோவைக் குறுங்கோள் என்று அறிவித்த பிறகும் அலமாரியில் இருந்த பழைய தொகுதிகளில் கோள்கள் ஒன்பதுதான்.

அப்பா அம்மா காலத்தில் குறுந்தகடு வந்தது. மைக்ரோசாஃப்டின் என்கார்ட்டா கலைக்களஞ்சியம் 1993இல் வெளியானது. 1998இல் கூகுள், 2001இல் விக்கிப்பீடியா. காப்பி-பேஸ்ட்டும் இதே காலத்தில்தான் வீட்டுக்குள் நுழைந்தது. சுருக்கி எழுதும் கட்டாயம் போனது. என்னைக் கேட்டால், இந்த மூன்று தலைமுறையில் பிள்ளைகள் இழந்ததில் பெரியது இதுதான்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் பக்கங்களைத் திறந்து படிக்கும் வேலையும் குறைந்துவிட்டது. இத்தகைய ஏஐ, அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணித்துத்தான் பதிலைக் கோக்கிறது. அதனால் இல்லாத புத்தகத்துக்கும் பக்க எண் சொல்லும். இணைப்பு கொடுத்தாலும் திறந்து பாருங்கள். சில சமயம் பக்கம் இருக்கும், சொன்ன தகவல் அதில் இருக்காது.

வெறும் கூகுள் தேடலிலும் சறுக்கும் இடம் உண்டு. இந்தோனேசிய எரிமலையான கிரக்கட்டோவாவைப் பற்றி "கிரக்கட்டோவா சுனாமி" என்று தேடினால் இரண்டு நிகழ்வுகள் கலந்து வரும். 1883 வெடிப்பில் இறந்தவர்கள் 36,000க்கும் மேல். 2018 டிசம்பரில் நடந்தது அதே இடத்தில் பின்னாளில் எழுந்த அனாக் கிரக்கட்டோவா என்ற எரிமலையின் ஒரு பகுதி சரிந்ததால் வந்த சுனாமி. அதில் இறந்தவர்கள் 400க்கும் மேல். அவசரத்தில் ஒன்றின் ஆண்டையும் மற்றொன்றின் எண்ணிக்கையையும் சேர்த்து சார்ட்டில் ஒட்டிவிடுவார்கள். தேடும்போதே ஆண்டையும் சேர்த்து டைப் செய்தால் பாதிக் குழப்பம் தீரும்.

போனைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்விகளை நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: மாக்மா (பூமிக்குள் உருகிய பாறைக் குழம்பு) ஏன் மேலே வருகிறது, சில எரிமலை வெடிக்கையில் சிலவற்றில் குழம்பு ஏன் வழிந்தோடுகிறது, வெடிப்பதை முன்கூட்டியே எப்படிக் கணிக்கிறார்கள். கேள்வி கையில் இல்லாத பிள்ளை முதலில் வரும் பத்தியை அப்படியே எடுத்துவிடும். விக்கிப்பீடியாவில் கட்டுரையோடு நிற்காமல் அடியில் உள்ள மேற்கோள்களில் இரண்டையாவது திறக்க வேண்டும். தமிழ்க் கட்டுரை சிறிதாக இருந்தால் ஆங்கிலக் கட்டுரையையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். ஆண்டு, எண்ணிக்கை போன்றவை ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு இடங்களில் ஒத்துப்போக வேண்டும். ஒரே பத்தி பத்துத் தளங்களில் இருந்தாலும் அது ஒரு சாட்சிதான்.

குறிப்பெடுக்கத் தாளை நடுவில் மடியுங்கள். இடப்பக்கம் தளத்தின் பெயரும் பார்த்த தேதியும். வலப்பக்கம் படித்தது, ஆனால் திரையை மூடிவிட்டு எழுத வேண்டும். எழுத வரவில்லையென்றால் புரியவில்லை என்று அர்த்தம். திரும்பத் திறந்து படிக்கட்டும். ஏஐயைக் கடைசியில் கூப்பிடலாம். பிள்ளை எழுதி முடித்ததைக் கொடுத்து, "இதில் எந்தக் கேள்விக்குப் பதில் விட்டுப்போயிருக்கிறது?" என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். விட்டுப்போனதற்கான பதிலைப் பிள்ளையே போய்த் தேடட்டும்.